கத்தினால் சிரிக்கும் சிஸ்டர்

அந்த சிஸ்டரை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு ஓர் ஆசை வந்தது. காலைத் தூக்கி அவர் நெஞ்சில் ஓங்கி ஓர் உதை விடவேண்டும். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சில் உட்காருகிறவன், இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாதுதான். ஆனால் குதிகாலில் சீழ் வைத்த புண்ணை ஒருவர் பிளேடால் சுரண்டுகிறார், நாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அலறுகிறோம், அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்து சிரிக்கிறார் என்றால் வேறு என்ன ஆசை வரும்?

“இன்னும் கொஞ்சம் கத்துங்க வாத்தியாரே,” என்றார். “கேக்க நல்லா இருக்கு.”

நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

மதுரையில் சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்றே இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியின் மாடி வார்டு அது. படுத்திருந்த எல்லாருக்கும் காலில்தான் புண். ஒத்தக்கடையிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து என்னைச் சேர்த்த என் மனைவி பகலில் ஆபீசுக்குப் போய்விடுவாள். அப்புறம் நான் அந்த சிஸ்டர் பாடு.

அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். செக்கானூரணிக்கு மேற்கே வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண். குட்டையான உருவம், கனத்த கை. அந்தக் கையைப் பற்றித்தான் வார்டில் எப்போதும் பேச்சு. காலையில் வந்ததும் கட்டில் வரிசையில் நடந்து ஒவ்வொரு பாதத்தையும் விரல் முட்டியால் நங்கென்று குட்டுவார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு திட்டுகிறவர்களுக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும். காலை அசைக்காமல் “குட் மார்னிங் சிஸ்டர்” என்று சொல்கிறவர்களிடம் நின்றுவிடுவார். மறுபடி குட்டுவார். கட்டை விரலில் இருக்கிற மயிரைப் பிடுங்குவார். அதற்கும் ஒன்றுமில்லை என்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நைலான் நரம்பு பொருத்திய குச்சி ஒன்று வார்டில் இருந்தது. அதையும் முறைப்படி செய்வார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை என்னவோ தன் விரல் முட்டிமேல்தான்.

சிஸ்டர் அடிக்கிறார் என்று புகார் போகாமல் இல்லை. புகாரில் பொய்யும் இல்லை. வில்லாபுரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கால் அசதிக்கு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். எழுந்தபோது இரண்டு பாதத்துத் தோலும் வாளியிலேயே தங்கிவிட்டது. “சூடே தெரியல சிஸ்டர், எதமாத்தான் இருந்துச்சு” என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, கன்னத்தில் விழுந்தது அறை. அவருடைய மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அவருக்கும் ஒன்று விழும் என்று நாங்கள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தோம். தலைமை சிஸ்டர் ஓடிவந்து காரியத்தைக் கெடுத்துவிட்டார்.

அன்று கட்டு மாற்ற வந்தபோது நான் விடவில்லை. “நோயாளிய அடிக்கிறதெல்லாம் எந்தப் படிப்புல சிஸ்டர் சொல்லித் தாராங்க?” என்றேன்.

“அடிச்சா வலிக்கும்ல,” என்றார், என் குதிகாலில் இருந்து கண்ணை எடுக்காமல். “வலிங்கிறது வீட்டு நாய் மாதிரி வாத்தியாரே. குலைச்சா எந்திரிச்சுப் போயி என்னன்னு பாப்போம். இந்த சுகரு வந்து மொதல்ல அந்த நாயக் கொன்டுருது. அப்புறம் திருடன் உள்ள வந்து படுத்திருந்தாலும் வீட்டுக்காரனுக்குத் தெரியாது. ஒங்க நாயி உசுரோட இருக்கு. கத்துங்க.” சொல்லிக்கொண்டே பிளேடை இறக்கினார். நான் கத்தினேன்.

இன்னொரு நாள் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு எதிர்க்கட்டிலில் கோரிப்பாளையத்து ஆள் ஒருவர், மூட்டை தூக்குகிறவர், மலை மாதிரி உடம்பு. மத்தியானம் இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு முன்னால் இருக்கிறது, அந்த நேரம் பார்த்து அவருக்கு மச்சானோடு போனில் சண்டை. தட்டைத் தள்ளிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் மளமளவென்று இறங்கும். இறங்கினால் மயக்கம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெறியும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேர்த்து ஊற்ற எழுந்தவர், குளூக்கோஸ் ஊசியோடு ஓடிவந்த சிஸ்டரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தார்.

“ஒன்னைய என் மச்சான்தான அனுப்புனான்? கொல்லத்தான வந்த?”

சிஸ்டர் முழங்காலைத் தூக்கி அந்த ஆளின் வயிற்றில் ஓர் இடி விட்டார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் சிஸ்டரின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்காமல் அந்த ஆளின் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “வாத்தியாரே, அந்தக் கையப் பிடிங்க,” என்றார். நான் ஒற்றைக் காலில் நொண்டிப் போய் அந்தக் கையின்மேல் அப்படியே விழுந்து படுத்தேன். அந்த ஆள் என் தோளைக் கடித்தார். சட்டைக்கு மேலே கடித்த கடிதான், ஆனாலும் பல் இறங்கியது. சிஸ்டர் அந்தக் குத்துக்கும் உதைக்கும் நடுவே நரம்பைத் தேடிப் பிடித்து ஊசியை ஏற்றினார். அந்த ஆள் காலை உதறி உதைத்ததில் புண் இருந்த வலது கால் கட்டில் இரும்பில் மோதியது. “யா அல்லா” என்று அலறினார்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலைமயிர் அவிழ்ந்து கிடக்கிறது, பல்லெல்லாம் ரத்தம். அந்த வாயோடு சிரித்தார். “கேட்டீங்களா? வலது காலு. அந்தக் காலு போயிருச்சோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எப்பிடிக் கத்துறாரு பாருங்க.”

எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதே நேரம் அவரை எனக்குப் பிடித்தும் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆளுக்குத் தெளிந்தது. ஒன்றும் நினைவில்லை. சிஸ்டரின் உதட்டைப் பார்த்ததும் கண் கலங்கி, “யாரு சிஸ்டர் ஒங்கள இப்பிடி அடிச்சது? ஆளச் சொல்லுங்க,” என்று கையை ஊன்றி எழுந்தார்.

“ஒங்க மச்சான் வந்துட்டுப் போனாரு,” என்றார் சிஸ்டர். “மொதல்ல நீங்க சாப்புடுங்க.”

இப்படி எல்லார் காலிலும் சத்தத்தைத் தேடியவருக்கு ஒரே ஒரு கட்டிலில் மட்டும் சிரிப்பே வராது. அது எனக்கு அடுத்த கட்டில். அதில் படுத்திருந்தது அவருடைய சொந்த அண்ணன்.

ஊரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற மனிதர். அப்பா செத்தபிறகு தங்கையை நர்சிங் படிக்க அனுப்பியது அவர்தான். சொந்தக்காரர்கள் பொம்பளப் பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பாதே என்று தடுத்தபோது அரிவாளை எடுத்துத் தெருவில் நின்றாராம். அதைச் சொல்லும்போது சிஸ்டரின் குரலே மாறிவிடும். அந்த அண்ணனுக்கு வலது காலில், பெருவிரலுக்குக் கீழே ஒரு பொத்தல். கருவேல முள் ஏறியது தெரியாமல் அதன்மேலேயே பல நாள் நடந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். சிஸ்டர் அதைச் சுரண்டும்போது அவர் செல்போனில் ஜல்லிக்கட்டு பார்த்துக்கொண்டிருப்பார். என் பக்கம் திரும்பி, “சார், இம்புட்டுக்கா நேத்து அம்புட்டுக் கத்துனீங்க?” என்பார். எனக்கு மானம் போகும்.

சிஸ்டர் பிளேடை வைத்துவிட்டுப் பாதத்தில் ஓங்கிக் குட்டுவார். “வலிக்குதாண்ணே?”

“இல்லத்தா.”

இன்னும் ஓங்கி. “இப்ப?”

“என்னத்தா பண்ற நீ? ஏதோ பண்றது தெரியுது.”

சிஸ்டர் கட்டைப் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வார். வார்டில் அத்தனை பேரையும் அடித்தவர் அங்கே சுவரைக் குத்திக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் அண்ணன் என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஊர் அம்மன் கோயிலில் வருஷாவருஷம் பூக்குழி இறங்குகிறவராம். வாலிபத்திலிருந்து இறங்குகிறார். “முன்னாடியெல்லாம் நானும் எல்லாரையும் மாதிரி ஓட்டந்தான் சார். சுடும்ல. இப்ப கொஞ்ச வருசமாச் சூடே தெரியல. பைய நடக்குறேன். நடுவுல நின்னு கும்புடுறேன். ஆத்தா முழுசா எறங்கிட்டான்னு ஊரே என் கால்ல விழுகுது.” சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தில் இருந்த நிறைவை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் அப்படியே நின்றார். “அண்ணே, இந்த வருசம் நீ எறங்கக் கூடாது. அது ஆத்தா இல்ல, சுகரு. காலு செத்துக்கிட்டு இருக்கு.”

“வாயக் கழுவுடி,” என்றார் அண்ணன்.

“எனக்கும் ஆத்தாதாண்ணே. நெருப்பச் சுடும்படி வச்சதே அவதான். ஓடட்டும்னுதான் வச்சிருக்கா. ஓடுனவன் காலெல்லாம் நல்லாத்தான இருக்கு?”

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொத்தல் மூடியதும் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

திருவிழாவுக்கு வரச்சொல்லி அவரே போன் செய்தார். பூசைக்குப் போகிற வேதக்காரன் நான் எதற்கு என்றேன். “வேடிக்கை பாக்க என்ன சார் வேதம்? வாங்க,” என்றார். நான் போனது வேடிக்கைக்கு இல்லை. சிஸ்டர் ஏதாவது செய்து நிறுத்திவிடுவார் என்று நம்பிப் போனேன். நான் போனபோது சிஸ்டர் அண்ணன் வீட்டு வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தார். “எம்மேல மிதிச்சிட்டுப் போண்ணே,” என்றார். மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக அண்ணன் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊசியும் போடவில்லை என்று அவர் மனைவி அழுதார்.

கோயிலுக்கு முன்னால் நீளமாக வெட்டிய குழி. புளிய விறகு எரிந்து அடங்கிக் கங்காகக் கிடந்தது. சாயங்கால வெயிலில் அதன் பக்கம் முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை. இறங்குகிறவர்கள் வரிசையில் அண்ணன்தான் முதல் ஆள். கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு சிஸ்டர் உள்ளே வந்தார். பொங்கல் அடுப்பிலிருந்து எடுத்த கங்கு ஒன்று அவர் கையிலிருந்த இடுக்கியில் இருந்தது.

“கைய நீட்டுண்ணே.”

“எதுக்கு?”

“ஆத்தா ஒம்மேல முழுசா எறங்கிருக்கான்னா கைக்கும் சேத்துத்தான எறங்கிருக்கணும்? நீட்டு.”

ஊரே பார்க்கிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே நீட்டினார். சிஸ்டர் கங்கை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அண்ணன் “ஐயோ” என்று அலறி உதறினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கையில இல்லாத ஆத்தா காலுல மட்டும் எப்பிடிண்ணே இருப்பா?” என்றார் சிஸ்டர். “காலு செத்துப்போச்சுண்ணே. நம்புண்ணே.”

அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்திருந்தால் அண்ணன் நம்பியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் கண்ணில் ஒரு கணம் அது வந்துபோனது. ஆனால் காலில் விழுந்த ஊர் முழுக்க அங்கே நின்றுகொண்டிருந்தது. வெந்த கையாலேயே தங்கையை அறைந்தார். அவர் அறைந்ததுதான் தாமதம், நாலாபக்கமும் இருந்து கைகள் வந்தன. தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்தவரை இடுப்பில் மிதித்தார்கள். “சாமிகாரியத்துல தீட்டுப் பண்றாளே” என்று ஒரு கிழவன் குடையால் அடித்தான். நான் நடுவில் புகுந்தேன். காதோடு சேர்த்து எனக்கும் விழுந்தது, கண்ணாடி நொறுங்கியது. நான் என்ன வேதம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

சிஸ்டரை இரண்டு ஆம்பளைகள் இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் இறங்கினார்.

ஓடியிருந்தால்கூடக் கொஞ்சம் தப்பித்திருக்கும். அவர் நடந்தார். முன்னெப்போதையும்விட மெதுவாக, ஊருக்கும் தங்கைக்கும் காட்டுகிற மாதிரி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். “ஓடுண்ணே, ஓடுண்ணே” என்று சிஸ்டர் கத்தியது அந்தக் குலவையில் யாருக்கும் கேட்கவில்லை. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது கறி கருகுகிற வாடை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் குலவையை நிறுத்தினார்கள்.

மறுகரையில் பால் ஊற்றிய சின்னக் குழியில் அண்ணன் போய் நின்று சிரித்தார். சிஸ்டர் தன்னைப் பிடித்திருந்தவனின் கையைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடினார். அண்ணனைக் கீழே தள்ளி, காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பினார். வலது பாதத்துத் தோல் அவர் கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்த இடத்தில் பாலில் அணைந்த ஒரு கங்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்னத்தா பாக்குற?” என்றார் அண்ணன். “ஒண்ணும் ஆகலைல?”

சிஸ்டர் அவரை அடிக்க ஆரம்பித்தார். கன்னத்தில், மார்பில், தலையில், மாறி மாறி இரண்டு கையாலும். மூக்கில் ரத்தம் வந்த பிறகும் அடித்தார். அண்ணன் ஏன் அடிக்கிறாள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே வாங்கினார். கொஞ்சம் முன்னால் அந்தப் பெண்ணை மிதித்த ஊர் அப்போது ஓர் அடியையும் தடுக்கவில்லை. எல்லாரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இடது காலைத் தோல் ஒட்டிக் காப்பாற்றினார்கள். வலது காலில் விஷம் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

என் குதிகாலைக் காட்டுவதற்காக ஒரு நாள் காலையில் போனவன், மாடிக்கும் போனேன். வார்டில் சிஸ்டர் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார். முகத்தில் இன்னும் ஊர்க்காரர்கள் அடித்த தழும்பு. யார் பாதத்தையும் குட்டவில்லை, குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். எனக்கு அது சகிக்கவில்லை. அடித்துத் தொலையுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் கட்டிலிலிருந்து முனகல் கேட்டது.

“காலு எரியிதுத்தா.”

“எந்தக் காலுண்ணே?”

“வலது காலு. கங்குல நிக்கிற மாதிரி இருக்கு. விரலெல்லாம் காந்துது. ஏதாவது பண்ணுத்தா, தாங்க முடியல.”

முழங்காலுக்குக் கீழே போர்வை மெத்தையோடு மெத்தையாகப் படிந்து கிடந்தது. வெட்டி எடுத்த கால் வலிப்பது உண்டு என்று எனக்கே தெரியும், சிஸ்டருக்குத் தெரியாமலா இருக்கும்? அதற்கான மாத்திரை அவர் கையில்தான் இருந்தது. அவர் அதைக் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, கால் இருக்கவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை முஷ்டியை மடக்கி அந்த வெறும் மெத்தையில் ஓங்கிக் குத்தினார். கட்டில் அதிர்ந்தது. மறுபடி குத்தினார். இரண்டு கையாலும் குத்தினார். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுக, வெறி பிடித்த மாதிரி குத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் அண்ணன் துடித்துத் துடித்து, தொடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டார்.

“அடிக்காதத்தா,” என்றார். “வலிக்குது.”